அறிக்கை அனுப்பாத பிரதேசம்

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை இரவு. டிட்வா சூறாவளி அன்றுதான் கிழக்குக் கரையால் நாட்டுக்குள் ஏறியிருந்தது. கொழும்பில் எங்கள் ஒருங்கிணைப்பு மேசையில் நான்கு பேர், மூன்று மடிக்கணினி, ஆறிப்போன பிளேன்ரீ. சுவர்த்திரையில் ஓர் எக்செல் அட்டவணை. ஒவ்வொரு வரிசையும் ஒரு பிரதேச செயலகப் பிரிவு. பாதிக்கப்பட்ட குடும்பங்கள், இடம்பெயர்ந்தோர், காணாமற்போனோர், உடனே தேவைப்படுவது என்று பத்துப் பன்னிரண்டு நிரல்கள்.

நான் அரசாங்க உத்தியோகத்தர் இல்லை. மனிதாபிமான அமைப்பு ஒன்றில் ஒருங்கிணைப்பாளர். அரசின் கட்டுப்பாட்டு அறைக்கும் களத்தில் நிற்கும் தொண்டர் குழுக்களுக்கும் நடுவே தகவலை அங்கும் இங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும்.

அட்டவணையில் மலைநாட்டுப் பிரிவு ஒன்றுக்கு எதிரே பூச்சியம் இருந்தது. இடம்பெயர்ந்தோர் பூச்சியம், பாதிக்கப்பட்டோர் பூச்சியம். அதைச் சுற்றியிருந்த பிரிவுகளில் எல்லாம் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்கு வந்த தம்பியிடம் கேட்டேன்: "இங்கே யாரோடு கதைத்தீங்கள்?"

"யாரும் போனை எடுக்கவில்லை அக்கா. கட்டம் காலியாக இருந்தால் கீழே கூட்டுத்தொகை பிழைக்குது. அதனால பூச்சியம் போட்டேன்."

அவரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எக்செல் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சியம் மட்டும் அப்படியே மேலே போயிருந்தால், விடிய வெளிக்கிடும் லொறிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பியிராது. பூச்சியத்தை அழித்துச் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போடச் சொன்னேன். கூட்டுத்தொகை பிழைத்தால் பிழைக்கட்டும்.

இதை எழுதுவதே அந்தக் கேள்விக்குறிக்காகத்தான். பேரிடர் நேரத்தில் அதிகம் சத்தம் போடும் இடம் கொஞ்சமாவது தப்பிய இடம். அங்கே சிக்னல் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது, படம் எடுத்து அனுப்ப ஆளும் இருக்கிறது. மோசமாக அடிபட்ட இடத்திலிருந்து ஒன்றும் வராது.

தகவல் எப்படி மேலே வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். சுனாமிக்குப் பிறகு வந்த 2005-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தில் ஜனாதிபதி தலைமையில் ஒரு தேசிய பேரவை இருக்கிறது, அதன் கீழே அனர்த்த முகாமைத்துவ நிலையம். மழையையும் காற்றையும் வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும். ஆறுகளை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கும். மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் எச்சரிக்கை விடும். இவை கொழும்பிலிருந்து கீழே போகும் செய்திகள். கீழேயிருந்து மேலே வருவதற்கு உள்ள பாதை ஒன்றுதான்: கிராம சேவகர், பிரதேச செயலாளர், மாவட்டச் செயலகம், கொழும்பு. அந்தப் பாதையின் அடியில் நிற்பவர் ஒரு தனி மனிதர். சில சமயம் அவருடைய வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர். அவருடைய மோட்டார் சைக்கிள் சேற்றில், கைபேசி நனைந்து போயிருக்கும். அவரிடம் "படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்" என்று நாங்கள் இங்கே மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு கேட்கிறோம்.

மலைநாட்டில் இன்னொரு சிக்கல். தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால் பற்றரி சில மணி நேரந்தான் தாங்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் போக ரோடு வேண்டும். ரோட்டோரமாகத்தான் கேபிளும் மின்கம்பியும் போகின்றன. ஒரு சரிவு விழுந்தால் ரோடு, மின்சாரம், போன் மூன்றும் ஒரே நிமிடத்தில் போய்விடும். டிட்வாவில் 25 மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன, 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மண்சரிவு விழுந்த ஊர்கள் பல, அடிபட்ட அதே நேரத்தில் ஊமையாகவும் ஆகிவிட்டன.

எங்கள் வீட்டில் 1978 சூறாவளியைப் பற்றிப் பெரியப்பா சொல்வார். அந்த நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட காற்று 900-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கொழும்பில் கிளாக்கர் வேலை பார்த்த பெரியப்பாவுக்கு ஊரின் கதி தெரியவே நாட்கள் ஆயினவாம். "தந்தி வரவில்லை என்றதும் சுகமாக இருக்கிறார்கள் என்று நினைச்சன்" என்பார். எக்செல் இல்லாத காலத்துப் பூச்சியம் அது.

சரி, போன் எடுக்காத இடத்தைப் பற்றி எப்படி அறிவது? சுற்றி வளைத்துத்தான். பொலிஸ் வானொலி, இராணுவ முகாம், பக்கத்துப் பிரிவின் கிராம சேவகர் என்று முதலில் முயற்சி செய்வோம். அடுத்தது பட்டியலில் இல்லாத ஆட்கள்: பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர், மருந்துக்கடைக்காரர், கோயில் ஐயர், பள்ளிக்கூட அதிபர். ஊருக்குள் போய்த் திரும்பிய ஒரே ஒரு லொறிச் சாரதி அரை மணி நேரத்தில் சொல்வதை மூன்று படிவம் சொல்லாது.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் அவசரநிலைப் பணிப்பாளராக இருந்த கிரெய்க் ஃபியூகேட் என்பவர் இதற்கு ஒரு வேடிக்கையான அளவுகோல் வைத்திருந்தார். 2004-இல் அந்த மாநிலத்தை நான்கு சூறாவளிகள் அடுத்தடுத்துத் தாக்கின. அங்கே வாஃபிள் ஹவுஸ் என்று இரவும் பகலும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. கடை திறந்து முழுச் சாப்பாடும் கிடைத்தால் அந்த ஊர் பரவாயில்லை, பாதிச் சாப்பாடுதான் என்றால் மின்சாரமோ சரக்கோ தட்டுப்பாடு, கடையே மூடியிருந்தால் முதலில் அங்கே ஓடு. நான் கொழும்பில் இதைச் சூன் பாண் ஓட்டோவை, அதாவது பாட்டுப் போட்டபடி ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்கும் ஓட்டோவை வைத்துப் பார்ப்பேன். அந்தப் பாட்டு ஓர் ஒழுங்கைக்குள் கேட்டால் பேக்கரியில் மா இருக்கிறது, எரிவாயு இருக்கிறது, ஓட்டோவுக்குப் பெற்றோல் இருக்கிறது, ரோட்டில் தண்ணீர் சக்கரத்துக்கு மேலே இல்லை. நான்கு கேள்விக்கு ஒரே பதில். சிரிப்பீர்கள், ஆனால் கொலன்னாவைப் பக்கம் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டால் நான் முதலில் கேட்பது "பாண்காரன் வந்தானா?" என்றுதான்.

கொழும்புக்காரர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: களனி. சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்தில் கடலைச் சேரும் ஆறு. மேலே கொட்டிய மழை கீழே வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் மழை ஓய்ந்திருந்தது, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. வெயிலைக் கண்டதும் முகாமிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் ஆட்களைத் தடுப்பது பெரும்பாடு. வானத்தைப் பார்க்காதீர்கள், கொழும்பில் களனியின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி நீர்மானியைப் பாருங்கள். அங்கே 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். அத்தோடு மேலே ஹங்வெல்லவில் ஆறு ஏறுகிறதா, இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே இறங்கத் தொடங்கினால்தான் கீழே இருப்பவர் பாயைச் சுருட்டலாம்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தமிழ் அரசகரும மொழிதான், சட்டத்தில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வரும் அவசர அறிவித்தலில் அது இருக்கிறதா என்பது வேறு கதை. ஒருமுறை ஓரிடத்திலிருந்து சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த எச்சரிக்கை, தமிழில் வந்து சேர மறுநாள் காலையாகிவிட்டது. அதற்குள் நாங்களே மொழிபெயர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். அதிலும் பிழை விட்டோம். "வெளியேற்றத்திற்கான தயார்நிலையைப் பேணவும்" என்று எழுதியிருந்தோம். அதை வாசித்த தோட்டத்து அம்மா ஒருவர் போனில் கேட்டார்: "இப்ப நாங்க போகணுமா, இருக்கணுமா?" அன்றிலிருந்து எங்கள் செய்திகளில் மூன்று விஷயம் மட்டும்: எப்போது, எங்கே, எதைக் கையில் எடுப்பது. "இன்று இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, மருந்து, பிள்ளையின் கிளினிக் கொப்பி." அவ்வளவுதான்.

தோட்டத்து லயங்களை, தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளைப் பற்றி இன்னொன்று. நிவாரணப் பட்டியல்கள் வீட்டை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. ஒரு லயக் காம்பராவில் இரண்டு குடும்பம், உறுதிப்பத்திரம் யாரிடமும் இல்லை, கடிதம்கூடத் தோட்டத்து முகவரிக்குத்தான் வரும். பட்டியல் எழுதுபவர் வாசலை எண்ணினால் பாதிக் குடும்பம் காணாமற் போகும். அடுப்பை எண்ணச் சொல்வேன். கொழும்பில் இதே கதை வாடகை அறைகளில். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறையெடுத்துத் தங்கும் பிள்ளைகளின் வாக்காளர் பதிவு ஊரில் இருக்கும். உங்கள் கிராம சேவகரின் பெயரும் இலக்கமும் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அவருக்கும் உங்களைத் தெரியாது.

இனி, உதவி செய்யத் துடிப்பவர்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். டிட்வாவுக்கு மக்கள் அள்ளிக் கொடுத்ததை நேரில் பார்த்தவள் நான். ஆனால் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பகல் சாப்பாடு மூன்று லொறியில் வந்து, மாலையில் மூட்டை மூட்டையாகப் புளித்ததையும் பார்த்தேன். இரண்டு கிலோமீற்றர் தள்ளி, ரோடு கொஞ்சம் உடைந்திருந்த இன்னொரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பிஸ்கட்டோடு படுத்தார்கள். லொறி எப்போதும் நல்ல ரோட்டைத்தான் தேடிப் போகும். ஏற்றுவதற்கு முன் அந்தப் பிரதேச செயலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். பழைய சேலை வேண்டாம், மலைபோலக் குவிகிறது. பெண்களின் மாதவிடாய்த் துவாய், புதிய உள்ளாடை, டோர்ச், வாளி, மண்வெட்டி, சேறு கழுவும் தும்புத்தடி, கிணறு இறைக்கும் மோட்டார் இவையெல்லாம் யாரும் நினைக்காத சாமான். கைக்குழந்தைகளுக்கான பால்மாவைத் தயவுசெய்து பொதிகளில் போடாதீர்கள். முகாமில் சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைக்க வசதியும் இல்லாமல் அந்தப் போத்தல்தான் பிள்ளைக்கு வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும், தாய்ப்பாலும் குறைந்துவிடும். பால்மா தேவைப்படும் குழந்தைகளைச் சுகாதாரப் பிரிவு தனியாகப் பார்க்கும். வெள்ளச் சேற்றில் இறங்கித் துப்புரவு செய்யப் போகிறவர்கள் எலிக்காய்ச்சலை மறக்க வேண்டாம். பூட்ஸ் போடுங்கள், தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டு எடுங்கள்.

முகாம் நடத்துபவர்களுக்கு உலகம் முழுக்க ஸ்பியர் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர், கூரைக்குக் கீழே 3.5 சதுர மீற்றர் இடம், தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம். ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. வகுப்பறை முகாம்களில் எப்போதும் முதலில் அடிபடுவது இந்தக் கடைசிக் கணக்குத்தான். இரவில் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களை எல்லா முகாமிலும் கண்டிருக்கிறேன்.

உதவி கேட்டு அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. பதற்றத்தில் எல்லாரும் நடந்த கதையிலிருந்து தொடங்குவார்கள், நடுவில் லைன் அறுந்துவிடும். இடத்திலிருந்து தொடங்குங்கள். கிராம சேவகர் பிரிவு, பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ. அடுத்து எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் எத்தனை. தண்ணீர் எவ்வளவு என்பதை அடியில் சொல்ல வேண்டாம், முழங்கால், இடுப்பு, கழுத்து என்று சொன்னால் வள்ளம் அனுப்புவதா உழவு இயந்திரம் அனுப்புவதா என்று மறுபக்கம் முடிவெடுக்கும். வேறு மாவட்டத்தில் உள்ள உறவினர் ஒருவரின் இலக்கத்தையும் கொடுங்கள். உங்கள் கைபேசி செத்தாலும் அந்த இலக்கத்தில் நாங்கள் ஆளைப் பிடிப்போம். முகநூலில் போட்டுவிட்டு மீட்கப்பட்ட பிறகு அந்தப் பதிவை அழிக்க மறக்கும் வழக்கமும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்தும் அது பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும், ஒரு வள்ளம் வெறும் வீட்டைத் தேடிப் போகும்.

சிவப்புக் கேள்விக்குறி சனிக்கிழமையும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. கூட்டுத்தொகை பிழைத்தபடியே இருந்ததால், அறைக்குள் வந்த ஒவ்வொருவரும் அது என்ன என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவருக்குத்தான் அந்த மலையின் மறுபக்கத்துத் தோட்டத்தில் ஒரு மச்சான் இருந்தார். அந்த மச்சான் சரிவைச் சுற்றிக் காலால் நடந்து போய், எங்கள் இலக்கத்தை அங்கே கொடுத்துவிட்டுச் சிக்னல் உள்ள இடத்தையும் காட்டிவிட்டு வந்தார்.

திங்கள் காலையில் அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்து அதிபர். மோட்டார் சைக்கிள் பற்றரியில் சார்ஜ் போட்ட கைபேசி. எடுத்ததும் மன்னிப்புக் கேட்டார்.

"அறிக்கை பிந்திவிட்டது மிஸ், மன்னிக்கணும். பேப்பர் எல்லாம் நனைஞ்சிருச்சு. வகுப்பு இடாப்புக்குப் பின்பக்கத்தில எழுதி வச்சிருக்கேன். இங்க 214 பேர். பெயர்களும் வேணுமா?"

வேண்டும் என்றேன். தம்பி கேள்விக்குறியை அழித்தார். அதிபர் முதலாம் வகுப்பிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.