மொத்தம் சரி, ஆள் தப்பு: சம்பளக் கணக்கில் பைத்தானின் ஜிப்

திருப்பூரில் பனியன் கம்பெனி என்றால் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு வாரம் முழுக்கத் தைத்ததைக் கூட்டி, ரேட்டால் பெருக்கி, அட்வான்ஸைக் கழித்து, சாயங்காலத்துக்குள் கவர் போட்டாக வேண்டும். முன்பு நோட்டும் கால்குலேட்டரும் செய்த வேலையை இப்போது பல இடங்களில் எக்செலும், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு சின்னப் புரோகிராமும் செய்கின்றன. எழுதியவர் முதலாளியின் பையனாக இருப்பார், இல்லாவிட்டால் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் சொந்தக்காரராக இருப்பார். நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட புரோகிராம்களைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. கணக்கு நழுவுகிற இடம் பெரும்பாலும் ஒன்றேதான்: பெயர் ஒரு லிஸ்ட், பீஸ் ஒரு லிஸ்ட், ரேட் ஒரு லிஸ்ட் என்று வைத்துக்கொண்டு மூன்றையும் ஒரே லூப்பில், அதாவது ஒவ்வொருவருக்காகத் திரும்பத் திரும்ப ஓடும் கட்டளையில், ஓட்டும் இடம்.

புதிதாகக் கற்றவர்கள் இதற்கு லூப்புக்குள் லூப் போடுவார்கள். நாலு பெயரும் நாலு எண்ணிக்கையும் இருந்தால் பதினாறு வரி வந்து விழும். அது கண்ணுக்குத் தெரிகிற தப்பு, அரை மணி நேரத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் யாராவது ஜிப்பைச் சொல்லித் தருவார்கள். ஒவ்வொரு லிஸ்ட்டிலிருந்தும் முதலாவதை எடுத்து ஒரு ஜோடி, இரண்டாவதை எடுத்து அடுத்த ஜோடி என்று சேர்த்துக் கொடுக்கும் ஃபங்ஷன் அது. 2000ஆம் ஆண்டு பைத்தான் 2.0 வெளியானபோதே வந்துவிட்டது. எழுதுவதற்கு ஒரே வரி, படிப்பதற்கும் சுலபம்.

சிக்கல் எங்கே என்றால், லிஸ்ட்டுகளின் நீளம் வேறுவேறாக இருந்தால் எது குட்டையோ அதோடு ஜிப் நின்றுவிடும். பிழை காட்டாது, எச்சரிக்கையும் தராது.

ஒரு லைனில் நாலு டெய்லர்கள் என்று வைத்துக்கொள்வோம்: செல்வி, மல்லிகா, கவிதா, ராசாத்தி. அன்றைக்குச் செல்வி 410 பீஸ், கவிதா 385, ராசாத்தி 440. மல்லிகா லீவு, அதனால் அவர் கட்டம் காலி. புரோகிராம் எழுதியவர், காலிக் கட்டத்தை எண்ணாக மாற்றப் போனால் பிழை வருகிறதே என்று, பீஸ் லிஸ்ட்டிலிருந்து காலியானதை மட்டும் நீக்கிவிட்டார். இப்போது பெயர் நாலு, எண்ணிக்கை மூன்று. ஜிப் என்ன செய்யும்? செல்விக்கு 410, லீவில் இருந்த மல்லிகாவுக்கு 385, கவிதாவுக்கு 440. ராசாத்தி பட்டியலிலேயே இல்லை.

இனிதான் வேடிக்கை. மொத்த பீஸைக் கூட்டிப் பாருங்கள், 1235. சூப்பர்வைசர் நோட்டிலும் 1235. எல்லோருக்கும் ஒரே ரேட் என்றால் மொத்தச் சம்பளமும் டேலி ஆகும். கணக்கர் சரிபார்ப்பது மொத்தத்தைத்தான், அதனால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். தப்பு வெளியே வருவது, ராசாத்தி ஜன்னலில் வந்து நின்று, “ஏனுங்கண்ணா, என்ற பேரே காணோமுங்களே?” என்று கேட்கும்போதுதான். அவராவது கேட்பார். 385 வரவேண்டிய இடத்தில் 440 வாங்கிய கவிதா கேட்பாரா என்பது அவரவர் மனசு.

‘ரேஞ்ச்’, ‘லென்’ போட்டு, லிஸ்ட்டின் நீளத்துக்கு எண்ணி, இண்டெக்ஸ் எண்ணால், அதாவது இட எண்ணால், லிஸ்ட்டுகளைத் தொடுகிற பழைய முறையை அழகில்லை என்று எல்லோரும் திட்டுவோம். ஆனால் மேலே சொன்ன அதே கணக்கில், பெயர்களின் நீளத்துக்கு லூப் ஓட்டியிருந்தால் நாலாவது எண்ணிக்கையைத் தேடும்போது இண்டெக்ஸ் எரர் என்று புரோகிராம் கத்தியிருக்கும். அதை ஜிப்பாக மாற்றி அழகுபடுத்திய அன்றைக்கு அந்தச் சத்தம் அடங்கிப்போகிறது. பழைய கோடைப் புதுப்பிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இதற்காகவே பைத்தான் 3.10இல், அதாவது 2021 அக்டோபரில், ஜிப்புக்கு ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற ஒரு ஆப்ஷன் சேர்த்தார்கள். அதை ‘ட்ரூ’ என்று வைத்தால் நீளம் பொருந்தாதபோது வேல்யூ எரர் வரும். பழைய புரோகிராம்கள் உடையக்கூடாது என்று அதைத் தானாக இயங்கும்படி வைக்கவில்லை, நாம்தான் எழுதவேண்டும். ரஃப் என்ற கோடு சரிபார்க்கும் கருவியில் பி905 என்ற விதியை இயக்கிவிட்டால், ஸ்ட்ரிக்ட் எழுதாத ஜிப்பையெல்லாம் அதுவே சுட்டிக்காட்டும்.

ஆனால் ஸ்ட்ரிக்ட் போட்டாயிற்று என்று நிம்மதியாகப் போகமுடியாது. அது முன்கூட்டியே நீளத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. லூப் ஓடி, ஒரு லிஸ்ட் தீர்ந்துபோன பிறகுதான் பிழை காட்டும். நம் உதாரணத்தில் முதல் மூன்று பேருக்கு லூப் ஓடி முடிந்திருக்கும். லூப்புக்குள்ளேயே டேட்டாபேஸில் எழுதுவது, வவுச்சர் பிரிண்ட் எடுப்பது என்று வைத்திருந்தால் மூன்று வவுச்சர், அதில் இரண்டு தப்பாக, வெளியே வந்த பிறகு பிழை வந்து என்ன பயன்? முதலில் ஜிப் முழுவதையும் ஒரு லிஸ்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வரி பிழையில்லாமல் தாண்டினால் மட்டும் எழுதும் வேலைக்குப் போங்கள்.

‘ஜிப் லாங்கஸ்ட்’ என்று பைத்தானோடு வரும் ஐட்டர்டூல்ஸ் மாட்யூலில் ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. நீளமான லிஸ்ட் முடியும்வரை ஓடி, குறைகிற இடத்தை நிரப்பிக் கொடுக்கும். ஆனால் அது நிரப்புவது கடைசியில். நமக்கு ஓட்டை விழுந்ததோ நடுவில். மல்லிகாவுக்கு அப்போதும் 385தான் போகும், ராசாத்திக்கு மட்டும் காலி. அந்தக் காலியையும் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டால் ‘வேலை செய்யவில்லை’ என்பதும் ‘இன்னும் பதியவில்லை’ என்பதும் ஒன்றாகிவிடும். சம்பளக் கணக்கில் அதை நான் அனுமதிப்பதே இல்லை.

இதைவிட மோசமானது, நீளம் பொருந்தியும் ஆள் மாறுவது. பெயர் லிஸ்ட்டில் ஒரு காலி வரியும் பீஸ் லிஸ்ட்டில் வேறொரு இடத்தில் ஒரு காலி வரியும் நீங்கினால் இரண்டும் ஒரே நீளம், ஸ்ட்ரிக்ட்டும் வாய் திறக்காது. இரட்டைப் பதிவை நீக்குகிறேன் என்று பெயர்களை, எதையும் ஒருமுறை மட்டுமே வைத்துக்கொள்ளும் செட்டாக மாற்றி ஜிப்புக்குக் கொடுத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். செட்டுக்கு வரிசை நிச்சயம் கிடையாது. எழுத்தாலான பெயர்கள் என்றால் ஒவ்வொரு முறை புரோகிராமைத் தொடங்கும்போதும் வரிசை மாறக்கூடும். போதாததற்கு ஒரே லைனில் இரண்டு செல்வி இருந்தால் ஒருவர் காணாமல் போவார்.

காரணம் எளிது: ஜிப்புக்குத் தெரிந்தது இடம் மட்டும்தான், ஆள் தெரியாது. அதனால் பெயர், பீஸ், ரேட் மூன்றையும் தனித்தனி லிஸ்ட்டாகப் பிரிப்பதற்கு முன்பே நிறுத்திக் கேளுங்கள்: எக்செலில் ஒரே வரியில் இருந்ததை நாம் ஏன் பிரித்தோம்? சிஎஸ்வி கோப்பாக எடுத்து, ஒவ்வொரு வரியையும் ஒரு டிக்ஷனரியாக, அதாவது தலைப்பும் மதிப்பும் சேர்ந்த ஜோடிகளாக, படித்தால் காலிக் கட்டம் மல்லிகாவின் வரியிலேயே காலியாக இருக்கும், யாருக்கும் நகராது. பஞ்சிங் மெஷினிலிருந்து வருகை, சூப்பர்வைசர் ஷீட்டிலிருந்து பீஸ் என்று இரண்டு இடத்திலிருந்து வந்தால், டோக்கன் நம்பரைச் சாவியாக வைத்துச் சேருங்கள். எந்த டோக்கன் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதோ அதைத் தனியாக அச்சிட்டுக் கணக்கரிடம் கொடுத்தால், சனிக்கிழமை காலையிலேயே போன் போட்டுக் கேட்டுவிடுவார். ஜிப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே மூலத்திலிருந்து ஒரே வரிசையில் வந்த லிஸ்ட்டுகளுக்கு நானும் தினம் அதைத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. பைத்தான் 3இல் ஜிப் ஒருமுறைதான் ஓடும். சரிபார்ப்பதற்காக ஒருமுறை அச்சிட்டுவிட்டு, அதே ஜிப்பை அடுத்த லூப்புக்குக் கொடுத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பிழையும் வராது, சம்பளப் பட்டியல் வெறும் தலைப்போடு வரும்.

கம்பெனிக்குப் போனால் கம்ப்யூட்டரின் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லிங்குக்கு இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற ஆபீஸ்கள் உண்டு. பைத்தான் 3.9 முதல் அதில் ஏறாது, 3.8தான் கடைசி. அங்கே ஸ்ட்ரிக்ட் என்று எழுதினால் அந்த வார்த்தையே தெரியாது என்று டைப் எரர் வரும். ஜிப்புக்கு மேலே லிஸ்ட்டுகளின் நீளத்தை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் வேல்யூ எரரை நாமே எழுப்பும்படி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கு அசெர்ட் என்ற சரிபார்ப்புக் கட்டளை வேண்டாம், பைத்தானை ‘-O’ என்ற ஆப்ஷன் போட்டு ஓட்டினால் அது மறைந்துவிடும்.