சிவந்த பையைவிடக் காலிப் பைதான் கவலை

புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில், சிறுநீர்ப்பைக்குள் வைத்த ட்யூபிலிருந்து யூரின் வந்து சேரும், கட்டிலோரம் தொங்கும் பையில்தான் போகும். சிவப்பாக இருந்தால் பதறுவார்கள். காலியாக இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கோ பயம் நேர்மாறு. முதல் சில நாட்கள் யூரின் ரோஸ் நிறத்தில் வருவது சகஜம்.

வீடு திரும்பி மூன்றாம் நாள் ஒரு பெரியவரின் மகன் இரவில் போன் செய்தார். "ட்யூபைச் சுத்தி ஒழுகுது டாக்டர், டயபர் போட்டுவிட்டிருக்கோம்." பையில் எவ்வளவு இருக்கிறது என்றேன். "சாயங்காலத்திலேர்ந்து அப்படியேதான் இருக்கு." உடனே கூட்டிவரச் சொன்னேன். தொப்புளுக்குக் கீழே வயிறு கல்லாக இருந்தது. பெரிய சிரிஞ்சில் சலைன் செலுத்தி இழுத்ததும் கறுத்த ரத்தக் கட்டிகள் வந்தன. அப்புறம் பை மளமளவென்று நிரம்பியது. பெரியவர் விட்ட பெருமூச்சு வாசல்வரை கேட்டிருக்கும்.

ட்யூபின் துளையை ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டால் யூரின் ட்யூபின் பக்கவாட்டில்தான் வழி தேடும். சிறுநீர்ப்பையின் தசை இழுத்துப் பிடித்தாலும் இப்படி ஒழுகும். ஆனால் அப்போது பையிலும் யூரின் சேரும், அதற்கு மாத்திரை உண்டு. ஒழுகவும் செய்கிறது, பையும் ஏறவில்லை என்றால், ட்யூப் மடங்கியிருக்கிறதா, உடம்புக்கடியில் மாட்டியிருக்கிறதா, பை இடுப்பைவிடத் தாழ்வாகத்தான் தொங்குகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குளிர்காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

ட்யூபை மட்டும் இழுத்துவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது. அதோடு இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழிந்துவிடும். இரவில் நினைவு தடுமாறுகிற வயதானவர்கள் இதைச் செய்வதுண்டு. ட்யூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்தால் பாதிக் கவலை தீரும்.

கூச்சத்தில் யாரும் சொல்லாத ஒன்று: சுத்தம் செய்ய முன்தோலைப் பின்னுக்குத் தள்ளினால், முடிந்ததும் பழையபடி முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்தால் வீங்கி இறுகிவிடும். அதற்காகவே நள்ளிரவில் ஓடி வந்தவர்கள் உண்டு.

மலச்சிக்கலும் ஆகாது. முக்கினால் இரண்டாவது வாரத்தில்கூட ரத்தம் வரலாம்.

ட்யூப் எடுத்தபின் கொஞ்ச நாள் எரிச்சலும் சொட்டலும் இருக்கும், படிப்படியாகக் குறையும். முட்டிக்கொண்டு வந்தும் யூரின் போக முடியவில்லை என்றால் அன்றைக்கே வாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த யூரின் சில மாதம் கழித்து நூலாக மெலிந்தால், பாதையில் தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம். வயசாச்சு என்று அதைத் தள்ளிப் போட்டுவிட்டு, முழுக்க அடைத்தபின் வருகிறவர்கள்தான் அதிகம்.