முதன்மை ஓம்புயிரி: ஆமையா, அட்டையா?

குளத்து ஆமையின் மேல் அட்டை ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. அந்த இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகிரிகரைனா என்ற ஒட்டுண்ணி குடியிருக்கிறது. ஒட்டுண்ணிக்கு இடம் தரும் உயிரை ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட்’ என்பார்கள், தமிழில் ஓம்புயிரி. இந்த ஒட்டுண்ணிக்கு ‘டெஃபினிட்டிவ் ஹோஸ்ட்’, அதாவது முதன்மை ஓம்புயிரி, எது என்று கேட்டால் பலரும் ஆமையைத்தான் காட்டுவார்கள். உடல் பெரிது, ஆயுள் நீளம், ஒட்டுண்ணி நெடுநாள் தங்குவதும் அங்கேதான். ஆனால் சரியான விடை அட்டை. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் உயிரியலை ஆங்கிலத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் சொல்லும்போது எந்தச் சொல்லைக் கொடுக்கிறோம் என்பது முக்கியம்.

‘ஹோஸ்ட்’ என்பதன் பின்னால் இருப்பது ‘ஹோஸ்பெஸ்’ என்ற லத்தீன் சொல். விருந்து கொடுப்பவர், விருந்துக்கு வந்தவர் இருவரையும் அது குறிக்கும். ‘டெஃபினிட்டிவ்’ என்பதற்குள் ‘ஃபீனிஸ்’, அதாவது எல்லை அல்லது முடிவு, ஒளிந்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘எண்ட்விர்ட்’ என்பார்கள். கடைசி விடுதிக்காரர் என்று பொருள். இவற்றைப் பார்த்து ‘இறுதி விருந்தோம்பி’ என்று எழுதத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வட்டமாகச் சுற்றும் வாழ்க்கைக்கு இறுதி எது? ஒட்டுண்ணியின் ஆண், பெண் பாலணுக்கள் எந்த உயிரின் உடலில் இணைகின்றனவோ, அதற்குத்தான் இந்தப் பெயர். பாலினச் சேர்க்கை இல்லாமல் ஒட்டுண்ணி வெறுமனே வளரும் அல்லது பிரிந்து பெருகும் இடம் இடைநிலை ஓம்புயிரி.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘விருந்தோம்பி’, ‘ஓம்புயிரி’ இரண்டும் புழங்குகின்றன. விருந்தோம்பல் என்றால் மனம் விரும்பி வரவேற்பது. ஆமை யாரையும் அழைக்கவில்லை. அதனால் ‘முதன்மை ஓம்புயிரி’ என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி அந்த வட்டத்தைப் பார்ப்போம். ஐரோப்பியக் குளத்து ஆமையின் இரத்தத்தில் வாழும் ஹீமோகிரிகரைனா ஸ்டெபனோவியை 1885இல் டானிலெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் விவரித்தார். அதன் வாழ்க்கைச் சுழற்சியை 1910இல் ரைகெனோ விளக்கினார். வட அமெரிக்காவின் ஸ்னாப்பிங் ஆமையில் வாழும் ஹீமோகிரிகரைனா பாலியைப் பற்றி சிடால், டெசர் இருவரும் 1990, 1991இல் எழுதிய ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. ஆமைக்குள் நுழைந்த ஒட்டுண்ணி உள்ளுறுப்புகளிலும் சிவப்பணுக்களிலும் பிரிந்து பிரிந்து பெருகுகிறது. அப்புறம் அவற்றில் சில, பாலணுக்களைத் தரக்கூடிய வடிவங்களாக மாறிச் சிவப்பணுவுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆமைக்குள் அவற்றால் அதற்கு மேல் எதுவும் ஆக முடியாது. அட்டை வந்து குடிக்க வேண்டும்.

அட்டையின் குடலில் சிவப்பணு சிதைந்ததும் அவை வெளியே வருகின்றன. ஆண் வடிவமும் பெண் வடிவமும் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்கின்றன, கருவுறுதல் நடக்கிறது. குடல் சுவரில் ஊசிஸ்ட் என்ற பை உருவாகி, அதற்குள் ஸ்போரோசோயிட்டுகள் எனப்படும் எட்டு இளம் வடிவங்கள் பிறக்கின்றன. அவை நேராக ஆமையைத் தேடிப் போவதில்லை. அட்டையின் திசுக்களிலேயே மறுபடியும் ஒரு சுற்றுப் பெருகி, அதில் பிறக்கும் மீரோசோயிட்டுகள் என்ற அடுத்த தலைமுறை வடிவங்கள் அட்டையின் உறிஞ்சுகுழலுக்குப் போய்ச் சேர்கின்றன. அட்டை அடுத்த ஆமையைக் கடிக்கும்போது உள்ளே இறங்குகின்றன. ஆக, சேர்க்கை, கருவுறுதல், ஒரு சுற்றுப் பெருக்கம் எல்லாம் அட்டைக்குள் நடந்து முடிந்திருக்கின்றன. இத்தனையும் நடக்கும் உடலை வெறும் ‘கடத்தி’, அதாவது ஒட்டுண்ணியைச் சுமந்து செல்லும் உயிர், என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அட்டை கடத்தியும்தான், ஆனால் அது பாதி உண்மை.

மலேரியாவிலும் இதே கதைதான். மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தின் பாலணுக்கள் இணைவது அனோபிலிஸ் கொசுவின் குடலில். ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டது கொசுவின் குடல் சுவரில் இருந்த அந்த ஊசிஸ்டுகளைத்தான். கொசு முதன்மை ஓம்புயிரி, மனிதர் இடைநிலை. சிங்கப்பூர் 1982இல் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது.

சின்ன உயிர்தான் எப்போதும் முதன்மை என்றும் எண்ணிவிடக் கூடாது. பன்றி இறைச்சி நாடாப்புழுவுக்கு மனிதரே முதன்மை ஓம்புயிரி. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்குப் பூனை. 

நம் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் தலை நீட்டும் சிவப்புக் காது ஆமைகள் அமெரிக்க இனம். வாங்கி வளர்த்தவர்கள் விட்டுவிட்டுப் போனவை பல. அவற்றின் சொந்த மண்ணில் இந்த இனத்துக்கும் ஹீமோகிரிகரைனா உண்டு. அதைச் சுமந்து ஓர் ஆமை இங்கே வந்தாலும், பாலணுக்கள் இணைய ஏற்ற அட்டை இந்தத் தண்ணீரில் இல்லையென்றால் ஒட்டுண்ணி அந்த ஓர் ஆமையைத் தாண்டாது. அங்கே குறைவது ‘கடத்தி’ மட்டும் அல்ல, முதன்மை ஓம்புயிரி.