கோபுரம் ஏன் பெட்டியாகத் தெரிகிறது?

பினாங்கு குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலில் நின்றபடி என் அக்கா மகள் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தாள். முப்பரிமாணக் காட்சிக்கு மாற்றினாள். சுற்றியுள்ள கடைவீடுகள் சாம்பல் நிறப் பெட்டிகளாக எழும்பின. கோயிலும் ஒரு பெட்டி. "மாமா, கோபுரத்தைக் காணோமே?" என்றாள். தலைக்கு மேலே அத்தனை சிலைகளோடும் வண்ணங்களோடும் நிற்கிறது கோபுரம். அன்றைக்கு வெயிலில் அவளுக்கு என்னால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெட்டி வந்த கதை எளிது. வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தரையில் ஓர் எல்லைக்கோடு உண்டு. அந்தக் கோட்டை, கட்டடத்தின் உயரம் வரை நேராக மேலே இழுத்துவிட்டால் பெட்டி தயார். உயரம் தெரியாத இடத்தில் மாடி ஒன்றுக்கு மூன்று மீட்டர் என்று பெருக்கிக்கொள்வதும் உண்டு. நகரத் தரவுக்கென 2008ல் வெளியான சிட்டிஜிஎம்எல் என்ற தரநிலை, இதை முதல் நிலை என்கிறது. கூரையின் சாய்வும் முகடும் வந்தால் இரண்டாம் நிலை. கதவு, சன்னல், தூண் வந்தால் மூன்றாம் நிலை. கோபுரம் கோபுரமாகத் தெரிய வேண்டுமென்றால் மூன்றாம் நிலைக்குப் போகவேண்டும்.

சரி, அந்த விவரத்தை யார் எப்படி அளப்பது? இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. முதலாவது, விமானத்திலிருந்து லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாகக் கீழே அனுப்புவது. ஒளி கூரையில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு, ஒளி போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஏழு பங்குகூட ஆகாது. இதில் நூறு கோடியில் ஒரு பங்கு நொடி பிசகினால் உயரம் 15 சென்டிமீட்டர் பிசகும். மரத்தின் மேல் விழும் ஒரு துடிப்பு, இலையில் கொஞ்சம், கிளையில் கொஞ்சம், இடுக்கு வழியே தரையில் கொஞ்சம் என்று பல முறை திரும்பிவரும். அதனால்தான் மரத்துக்குக் கீழே தரை எங்கே இருக்கிறது என்று லேசரால் சொல்ல முடிகிறது.

இரண்டாவது வழி புகைப்படம். நேர்க்கீழாகவும் நாலு பக்கச் சாய்விலும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஆயிரக்கணக்கான படங்கள் எடுப்பார்கள். ஒரே சன்னல் மூலை ஐந்து படங்களில் ஐந்து இடங்களில் தெரிந்தால், அந்த மூலை முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கவேண்டும் என்று கணினி கணக்கிட்டுவிடும். நம் இரண்டு கண்களும் ஆழத்தை உணர்வது இப்படித்தான். கூகுள் 2012லிருந்து நகரங்களைத் தானாக எழுப்புவது இந்த முறையில்தான்.

இரண்டும் மேலிருந்து பார்ப்பவை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் அதுதான் சிக்கல். நம் கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையை, மலாயில் காக்கி லிமா என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மாடி அதன்மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். பூக்கடையின் வாளிகள், மாவிளக்குத் தட்டு, சாய்த்து வைத்த சைக்கிள், மழைக்கு ஒதுங்கியவர்கள், எல்லாம் அந்த நிழலுக்குள். விமானத்துக்கு அந்த இடம் தெரியாது. எல்லைக்கோட்டை மேலே இழுத்துப் பெட்டி செய்தால், மக்கள் நடக்கும் பாதை மூடிய சுவராகிவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி சொல்லவேண்டிய வரைபடத்தில் வழியே இல்லை.

முற்றமும் அப்படித்தான். கடைவீடு தெருவிலிருந்து ஒடுக்கமாகத் தெரியும், உள்ளே போனால் நீளம். நடுவே வானம் பார்த்த முற்றம், மழைத்தண்ணீர் நேரே உள்ளே விழும். லேசர் அந்தக் குழிக்குள் இறங்கி முற்றத்துத் தரையைத் தொட்டுத் திரும்பும். ஆனால் பெட்டிக் கணக்கில் முற்றம் காணாமல் போய், வீடு முழுக்கக் கூரையாகிவிடும். தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தச் சாக்கடைக்குப் போகிறது என்ற கணக்கு அங்கேயே தப்பிவிடும். 2017 நவம்பர் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற யாருக்கும் இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

புகைப்படத்திலிருந்து வரும் மாதிரிக்கு இன்னொரு குறை உண்டு. பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் அது ஒரே தோல். கூரை, மரம், நிறுத்தி வைத்த வேன் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். இது சுவர், இது கூரை, இது இன்ன ஆண்டில் கட்டியது என்று எந்தச் செய்தியும் அதில் கிடையாது. உள்ளூராட்சியிடம் இருப்பது அந்தச் செய்திதான். கட்டட வரைபடங்களுக்கு ஒப்புதல் தருவது மாநகர் மன்றம். மாடி எண்ணிக்கை, பயன்பாடு, வடிகால், மனை எண் எல்லாம் அதன் கோப்பில். ஜார்ஜ்டவுன் 2008ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய நகரம் என்பதால் பழைய கட்டடங்களைப் பற்றிய பதிவுக்கும் இங்கே தனி மதிப்பு. 2005ல் கூகுள் எர்த் வந்து சில ஆண்டுகளில், 'உங்கள் நகரத் தரவைத் தாருங்கள், நாங்கள் காட்டுகிறோம்' என்று உள்ளூராட்சிகளை அழைத்த காரணமும் இதுவே.

ஆனால் கோப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் கட்டடம் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடாது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பினாங்கின் மனை அளவைகள் பழைய முறையில் கார்ன்வாலிஸ் கோட்டையைத் தொடக்கப் புள்ளியாக வைத்தவை. அங்கிருந்து இத்தனை மீட்டர் தெற்கே, இத்தனை மேற்கே என்று உங்கள் வீட்டு மூலை பதிவாகியிருக்கும். மலாயா தீபகற்பம் முழுவதற்கும் இடங்களைக் குறிக்க இருந்த பழைய அளவைக் கட்டமைப்பின் பெயர் கெர்த்தாவ் 1948. அது பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்டது எவரெஸ்ட் நீள்கோளத்தை, அதாவது துருவங்களில் சற்றே தட்டையான ஒரு கணித உருண்டையை. அந்த நீள்கோளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1802ல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோட்டை அளந்து தொடங்கிய அளவைப் பணியிலிருந்து. தமிழ் நிலத்தில் சங்கிலி போட்டு அளந்த பூமியின் வளைவுதான் மலாயாவின் வரைபடங்களுக்கும் அடியில் கிடந்தது.

இன்றைய கைப்பேசி பூமியின் மையத்திலிருந்து அளக்கும் செயற்கைக்கோள் முறையைப் பின்பற்றுகிறது. பழைய எண்களை மாற்றாமல் அப்படியே ஏற்றினால், பினாங்கில் ஒரு கட்டடம் கிழக்கு மேற்காக நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். கரையோரக் கடைவீடு கடலுக்குள் போய்விடலாம். அதற்காகத்தான் ஜிடிஎம்2000 என்ற புதிய கட்டமைப்பும், பழைய எண்ணைப் புதியதாக்கும் சூத்திரங்களும் மலேசிய நில அளவைத் துறையிடம் இருக்கின்றன.

உயரத்திலும் இதே கதை. நம் தீபகற்பத்து உயரங்கள் கிள்ளான் துறைமுகத்தின் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளந்தவை. செயற்கைக்கோள் தருவது ஒரு கணித நீள்கோளத்திலிருந்து உயரம். ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால் இரண்டும் ஒத்துப்போகாது. இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அதுதான். இந்தத் திருத்தம் மறந்துபோனால் மாரியம்மன் கோயில் தெருவுக்கு மேலே மிதக்கும், இல்லாவிட்டால் புதைந்து நிற்கும்.

அப்புறம் காட்டும் வேலை. ஒரு நகரத்தை முழுதாகக் கைப்பேசிக்கு இறக்க முடியாது. அதனால் தரவைத் துண்டுகளாக நறுக்கி, தூரத்துக்குச் சுருக்கமான வடிவம், கிட்டே வந்தால் நுணுக்கமான வடிவம் என்று அடுக்கி வைப்பார்கள். த்ரீடி டைல்ஸ் என்ற இந்த முறை 2019ல் பொதுத் தரநிலையாக வெளியானது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வரைகலைச் சில்லு பொதுவாக எண்களை ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் பிடித்துக்கொள்ளும். பூமியின் மையத்திலிருந்து நாம் சுமார் 6,378,000 மீட்டர் தள்ளி நிற்கிறோம். அந்த அளவு எண்ணில் அரை மீட்டருக்குக் கீழே எதுவும் மிஞ்சாது, சுவர்கள் நடுங்கும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் நடுவிலேயே ஒரு சொந்தத் தொடக்கப் புள்ளி வைத்து, அங்கிருந்து சின்ன எண்களாக அளக்கிறார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையை வைத்து அளந்தவர்களின் அதே யோசனை.

இந்த நகரத் தரவை யாரிடம் கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜப்பான் அரசு 2020ல் தொடங்கிய பிளாட்டோ திட்டம் நகரத் தரவை யாரும் இறக்கிப் பயன்படுத்தும்படி திறந்து வைத்தது. நெதர்லாந்தில் ஏறத்தாழ ஒரு கோடிக் கட்டடங்கள் அப்படித் திறந்து கிடக்கின்றன. நாமும் முதலில் பொதுமக்களுக்குத் திறக்கவேண்டும், வரைபட நிறுவனம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரு நிறுவனத்திடம் மட்டும் கொடுத்துவிட்டால், அது காட்சியை மாற்றும் நாளில் நம் நகரமும் மாறிவிடும். வீட்டுக்குள் அறைகளின் அமைப்பு மட்டும் வெளியே போகக்கூடாது, அது அந்தக் குடும்பத்தின் சொத்து.

திறந்தால் என்னென்ன செய்யலாம்! தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகிறது. வழியில் எந்தக் கிளை, எந்தக் கம்பி ரதத்தின் உச்சியைத் தொடும் என்று லேசர் புள்ளிகளிலிருந்து முன்கூட்டியே பார்த்துவிடலாம், மரத்தைத் தேவைக்கு மேல் வெட்டவேண்டாம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கட்டடத்தின் உயரத்தையும் கூரை வடிவத்தையும் யாரும் சேர்க்கலாம். ஒரே கட்டடத்தை நிலைநிலையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தொடக்க உயரமும் முடிவு உயரமும் கொடுக்கலாம், கோபுரத்துக்கென்றே செய்ததுபோல. அக்கா மகள் இப்போது அதில் இறங்கியிருக்கிறாள். உச்சியின் உயரம் வேண்டும் என்று ஒரு மீட்டர் கம்பை எடுத்துக்கொண்டு போனோம். கம்பின் நிழலையும் கோபுரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டால் உயரம் வந்துவிடும். நாங்கள் போனது மாலை ஐந்தரைக்கு. கலச நிழல் தெருவைத் தாண்டி எதிர்க்கடைச் சுவரில் ஏறிவிட்டது. நாளைக்கு நாலு மணிக்கே போகவேண்டும்.