லைட் எரிந்தால் சென்சார் போச்சு என்று அர்த்தமில்லை

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் போன மழைக்காலத்தில் தன் பெட்ரோல் காரைச் சேலத்தில் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "ஏனுங்க, ஆக்சிஜன் சென்சார் மாத்திப் பத்து நாள்கூட ஆகலைங்க. மறுபடியும் செக் எஞ்சின் லைட் எரியுது, மைலேஜும் இல்லை" என்றார். கழற்றிய பழைய சென்சாரையும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். நல்லவேளை.

ஸ்கேனர் போட்டால் பி0171 என்ற பிழைக் குறியீடு. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் குறியீடு சொல்லவே இல்லை. ஆனால் கவரில் இருந்த சென்சாரின் நுனி கறுப்பாகக் கரி பிடித்திருந்தது. பெட்ரோல் குறைவாக எரியும் எஞ்சினில் இப்படிக் கரி எங்கிருந்து வரும்? அங்கேயே எனக்கு இடித்தது.

இந்தச் சென்சார் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் காட்டும், காற்று கூடினால் 0.1 பக்கம். சூடான எஞ்சினில் இது இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். (புது வண்டிகள் சிலவற்றில் வரும் வைட்பேண்ட் சென்சாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

ஃப்யூயல் டிரிம் பார்த்தேன். சென்சார் சொல்வதை வைத்து, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலிங்கில் கூட்டல் 22 சதவீதம், 3000 ஆர்பிஎம்முக்கு ரேஸ் செய்தால் 6. ரேஸ் செய்தால் குறைகிறது என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. வண்டியை இரவு பட்டறையிலேயே விடச் சொன்னேன்.

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று மெல்லிய சத்தம். இரண்டு நிமிடத்தில் இரும்பு சூடேறி விரிந்ததும் நின்றுவிட்டது. சைலன்சர் வாயை ஈரத்துணியால் அரைகுறையாக அடைத்தபோது எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டின் ஓரத்தில் "புஸ்" என்றது. டார்ச் அடித்தால், இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கரிக்கோடு. புகை வெளியே போகிற அதே ஓட்டை வழியாக, இடையிடையே வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து உண்மையைத்தான் சொன்னது. அதை நம்பி ஈசிஎம் பெட்ரோலைக் கொட்டியது. கரி அப்படி வந்ததுதான்.

கேஸ்கட்டை மாற்றிவிட்டுப் பழைய சென்சாரையே திரும்பப் போட்டேன். ஊஞ்சல் அழகாக ஆடியது. புதுசு ஸ்பேராக அவரிடமே இருக்கிறது.

சென்சார் நிஜமாகவே சாகாதா என்றால், சாகும். கூலண்ட் கசிந்தாலோ, கண்ட சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசினாலோ நுனியில் வெள்ளை படிந்து மந்தமாகிவிடும். சென்சாரைச் சூடாக்க அதற்குள்ளேயே இருக்கும் ஹீட்டர் எரிந்துபோவது இன்னும் சகஜம். ஹீட்டர் கோளாறைச் சொல்லும் பி0135 வந்தால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அப்புறம் சென்சார் வயரின் கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயரில் மல்டிமீட்டர் வையுங்கள். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் பிழைத்திருக்கிறது. மலையில் நிற்கும் வண்டிகளுக்கு எலி வேறு. அதற்கு வயர் கரும்பு மாதிரி.

டிரையல் பார்க்க ஸ்கேனரோடு ஏற்காடு ரோட்டில் ஏறினோம். இறங்கும்போது செகண்ட் கியரில், ஆக்சிலேட்டரில் காலே வைக்காமல் வந்தேன். திரையில் வோல்ட் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. "அண்ணா, சென்சார் செத்துப்போச்சு!" என்றான் பட்டறைப் பையன். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்போது ஈசிஎம் பெட்ரோலை நிறுத்திவிடும், வெறும் காற்றுதான் போகும், சென்சார் வேறு என்ன காட்டும் என்றேன். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை. அடுத்த கொண்டை ஊசி வளைவில் லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டேன். 0.8க்குத் துள்ளியது.