எங்க வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு: போர்டுல எழுதுற சேதி எப்படி வாசிக்க வைக்குது?

போன வாரம் ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. பையன் ஒன்னாங்கிளாஸ், டீச்சர் தினமும் காலைல அரை மணி நேரம் "இன்னிக்கு என்னடா சேதி"ன்னு பிள்ளைங்ககிட்ட கதை கேட்டு, அதுல ஒன்ன போர்டுல எழுதிப் போடுறாங்களாம், அப்புறம் பாடத்த எப்போ நடத்துவாங்க, இது டைம்பாஸ் தானேன்னு. இல்லைங்க, அதுதான் பாடமே.

எழுத்துன்னு ஒன்னு வந்தே சுமார் 5000 வருஷம்தான் ஆச்சு. வாசிக்கிறதுக்குன்னே மூளைல தனி இடம் உருவாக அந்தக் காலம் பத்தாது, அதனால முகம், பொருள் எல்லாம் அடையாளம் கண்டுபிடிக்கிற ஏரியால இடது பக்கம் பின்னாடி கொஞ்சத்த எழுத்து வந்து பட்டா போட்டுக்குது. பிரான்ஸ்ல ஸ்தனிஸ்லாஸ் தெஹான்னு ஒரு விஞ்ஞானி இத மூளை ஸ்கேன் எடுத்தே விளக்கியிருக்கார். அந்த இடம் பேச்சோடயும் அர்த்தத்தோடயும் கோர்த்துக்கிட்டாதான் வாசிப்பு. மூளைக் கதை இருக்கட்டும், விடுங்க.

எனக்குப் புடிச்ச விஷயம் விரல்.

"எங்க வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு"ன்னு ஒரு புள்ள சொல்லுது, டீச்சர் அப்படியே எழுதுறாங்க. சத்தமும் அர்த்தமும் ஏற்கனவே புள்ளைக்குத் தெரியும், புதுசா இருக்கிறது எழுத்து மட்டும்தான். "மனப்பாடமா ஒப்பிச்சிருமே"ன்னு கேப்பீங்க, கரெக்ட், ஒப்பிக்கும். அதனாலதான் டீச்சர் "விரல் வெச்சு வாசி"ம்பாங்க. இப்ப பாருங்க கூத்த. புள்ளைக்கு வார்த்தைன்னா என்னன்னு இன்னும் தெரியாது, அதுக்குத் தட்டுப்படுறது அசை, அதாவது வாய் ஒரு தடவைல சொல்ற சத்தத் துண்டுதான், ஒரு அசைக்கு ஒரு வார்த்தைன்னு விரல நகர்த்துது. எங்-க-வீட்-டு-ஆ-டு, ஆறு அசை. போர்டுல இருக்கிறது ஆறு வார்த்தை. வாய் ஆட்டுக்கிட்டயே நிக்குது, விரல் "போட்டுச்சு"க்குப் போயிருச்சு! சொல்ல இன்னும் பாதி சேதி இருக்கு, தொட வார்த்தை இல்ல. புள்ள முழிக்கும் பாருங்க, அந்த முழிதான் பாடம் ஏறுற நேரம்.

திரும்ப முதல்லேர்ந்து வரும். இந்தத் தடவ எதையாவது புடிச்சுக்கணுமே, "ஆடு"ன்னு சொல்றப்ப சுவத்துல தொங்குற அ, ஆ சார்ட்ல பாத்த அந்த "ஆ" எங்கன்னு கண்ணு தேடும், மூணாவதா இருக்கும், விரல் அங்க போய் ஒட்டிக்கும். ஒரு எழுத்து கொக்கி மாதிரி மொத்த வரியையும் இழுத்து நேராக்கிருச்சு. இங்கிலீஷ்ல ஓரசை வார்த்தை நிறைய, அதனால விரல் பல நேரம் குருட்டாம்போக்குல பொருந்திப் போயிரும். நம்ம வார்த்தைங்க நீளம், முதல் வார்த்தையிலயே இடிக்கும், அது ஒரு வகைல லாபம்தான்னு எனக்குத் தோணுது.

மறுநாள் அந்த வரிய அட்டைல எழுதி, வார்த்தை வார்த்தையா வெட்டிக் கலைச்சுப் போட்டா ஒப்பிக்கிற வழி அடைஞ்சு போச்சு, எழுத்தப் பாத்தே ஆகணும். இப்படித் தானா கண்டுபுடிக்கிற ஒவ்வொரு வார்த்தையும் அடுத்த தடவ சீக்கிரம் அடையாளம் தெரியும்னு டேவிட் ஷேர்னு ஒரு வாசிப்பு ஆராய்ச்சியாளர் 1995ல ஒரு கருத்து சொன்னார்.

சொந்தச் சேதிக்கு அவ்ளோ பவர். நியூசிலாந்துல அந்த ஊரு பூர்வகுடி மவோரி பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைங்க கேக்குற வார்த்தையத்தான் அட்டைல எழுதிக் குடுப்பாங்க, மறுநாள் ஞாபகம் இல்லன்னா அத ஒழிச்சிருவாங்க. நல்லா நின்னது எது தெரியுமா, "பேய்"! பேய் இல்லன்னு கத்துறவன் நான், ஆனா வாசிக்கக் கத்துக்குடுக்கும்னா இருந்துட்டுப் போகட்டும்.

"போட்டுச்சு" எழுதலாமா, "ஈன்றது"ன்னு எழுத வேணாமான்னு ஒரு சண்டை வரும். ஆரம்பத்துல புள்ள வாய்ல வந்தத அப்படியே எழுதணும்கிறது என் கட்சி. வாய் ஒன்னு சொல்லி எழுத்து வேற சொன்னா விரலுக்கு என்ன மரியாதை? கொஞ்ச நாள் கழிச்சு "போட்டது"ன்னு பக்கத்துல எழுதிக் காட்டிக்கலாம்.

அதுக்காக சேதி மட்டும் போதும்னு சொல்ல வரல. 247 எழுத்தையும் முறையா சொல்லிக் குடுத்தே ஆகணும், "ஔ" வர்ற சேதிக்குக் காத்திருந்தா புள்ள காலேஜ் போயிரும்.

வாசிப்பு ஆராய்ச்சி ரொம்ப இங்கிலீஷ் பக்கமே சாஞ்சு கிடக்குன்னு அதே ஷேர் 2008ல கட்டுரையே எழுதினார். தமிழ்ப் புள்ள விரல் எந்த வார்த்தைல தடுக்குதுன்னு பாக்க ஸ்கேன் மெஷின்கூட வேணாம், ஒரு போன் கேமராவும் பொறுமையும் போதும், ஆனா இதுக்கெல்லாம் காசு கேட்டா ஏதோ விளையாட்டுக்குக் கேக்குற மாதிரி பாப்பாங்க. வல்லாரை லேகியம் விக்கிறவனுக்கு மட்டும் கேள்வி கேக்காம அள்ளிக் குடுப்பாங்க.

அந்த அம்மாவுக்கு: இன்னிக்கு போர்டுல என்ன சேதின்னு பையன்கிட்ட கேளுங்க, கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்னாடி அவன் சொன்ன மாதிரியே பெருசா எழுதி விரல் வெச்சு வாசிக்கச் சொல்லுங்க. தப்பான இடத்துல விரல் நின்னா உடனே திருத்தாதீங்க, முழிக்கட்டும்.