இரண்டு குச்சியும் கேட்க வேண்டும்: தப்பின் ஓசையை மேடையில் பெருக்குவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கோயில் திருவிழா நடந்தபோது, மேடையின் ஒலியமைப்புக்கு உதவியாக நின்றிருந்தேன். கீபோர்டும் பேஸ் கிட்டாரும் பாடகர்களும் இருந்த அந்த நிகழ்ச்சியில், தப்பு என்ற பறையை அடிக்கும் நான்கு கலைஞர்களும் ஏறினார்கள். பாடகருக்கு வைத்திருந்த ஒலிவாங்கியைத் தப்புகளின் பக்கம் திருப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு பாட்டு முடிந்ததும், அவர்களுள் மூத்தவர் மேடையோரமாக வந்து, “தம்பி, நாங்க ரெண்டு குச்சியில அடிக்கிறோம், ஒங்க பொட்டியில ஒரு குச்சிதான் கேக்குது” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. மெல்லிய குச்சியின் ‘சடசட’ ஓசை எதிர்மலை வரைக்கும் போயிற்று. தடித்த குச்சியின் அடி மேடைக்குக் கீழே நின்றவருக்கே எட்டவில்லை. ஏன் அப்படி ஆனது என்பதைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டவைதான் இக்கட்டுரை.

தப்பு சத்தம் குறைந்த வாத்தியம் அன்று. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆட்களை எழுப்பத் தோட்டங்களில் தப்படித்தார்கள் என்றால், அதன் ஓசை தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் சுவர்களையும் மழையையும் கடந்து போகக்கூடியது என்றுதான் பொருள். மன்மதன் கதையை ஆடும் மாசி மாதத்துக் காமன் கூத்தில் திறந்த வெளியில் இரவு முழுவதும் அது ஒலிபெருக்கியின்றியே கேட்டது. ஆகவே மேடையில் எழும் சிக்கல் சத்தத்தைக் கூட்டுவது பற்றியது அன்று. தப்பின் ஓசை இரண்டு பங்குகளால் ஆனது. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உரிய அளவில் போய்ச் சேர வேண்டும் என்பதே சிக்கல்.

வாத்தியத்தின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். மூன்று வளைந்த மரத்துண்டுகளை உலோகப் பட்டைகளால் இணைத்துச் செய்த வளையம். அதன் விட்டம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். ஒரு முகத்தில் மட்டும் இழுத்து ஒட்டிய தோல். மறுமுகம் திறந்தே இருக்கும். வளையத்தைத் தோளில் மாட்டி, ஒரு கையில் நீளமான மெல்லிய சிண்டுக் குச்சியையும் மறு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சியையும் பிடித்து அடிக்கிறார்கள். அடிக்குச்சி தோலின் நடுப்பகுதியில் விழும்போது, தோல் முழுவதும் ஒன்றாக முன்னும் பின்னும் அசைகிறது. இதுவே மிகத் தாழ்ந்த அதிர்வு வகை. சிண்டுக் குச்சியோ விளிம்பை ஒட்டி விழுகிறது. எடை குறைந்தது என்பதால் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் மிகக் குறைவு. தொடும் நேரம் குறையக் குறைய உயர்ந்த மீடிறன்கள், அதாவது ஒரு விநாடியில் அதிக முறை நிகழும் அதிர்வுகள், கூடுதலாக எழும். ஒரே தோலிலிருந்து ‘தும்’ என்பதும் ‘சட்’ என்பதும் பிறப்பது இப்படித்தான்.

வட்டமான தோலின் மேலதிர்வுகள் வீணைத் தந்தியின் மேலதிர்வுகளைப் போல 2, 3, 4 என்ற முழு மடங்குகளில் அமைவதில்லை. சீரான தோலொன்றில் அவை அடிப்படை மீடிறனின் 1.59, 2.14, 2.30 மடங்குகள் என்றவாறு அமைகின்றன. மிருதங்கத்தின் நடுவே பூசப்படும் கரிய பசை இந்த மடங்குகளை முழு எண்களுக்கு அருகே இழுத்து வருகிறது என்பதைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். தப்பில் அந்தப் பூச்சு கிடையாது. ஆகையால் அதற்குத் தெளிவான சுருதி இல்லை; எல்லா மீடிறன்களிலும் பரந்த ஓசையே அதன் இயல்பு. ஒலியமைப்பாளர் ஒரு குறிப்பிட்ட மீடிறன் பட்டையை மட்டும் தூக்கிவிட்டு இதைச் சரிசெய்ய முடியாது என்பதற்கு இது முதற்காரணம்.

மறுமுகம் திறந்திருப்பது இன்னும் முக்கியமானது. தோல் முன்னே தள்ளும்போது முன்புறத்துக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்புறத்துக் காற்று ஐதாகிறது. வளையத்தின் விளிம்பைச் சுற்றி இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மலையகத்தின் குளிரில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்கிறது. 200 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 200 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம், ஆகவே, 1.7 மீற்றர். அதற்கு முன் 35 சென்ரிமீற்றர் வளையம் மிகச் சிறியது. முன்பக்க அலையையும் பின்பக்க அலையையும் பிரித்துவைக்க அதனால் முடியாது. உயர்ந்த மீடிறன்களின் அலைநீளமோ சில சென்ரிமீற்றர்தான். அவை இந்த அழிவுக்குத் தப்பி நேராகப் போய்விடுகின்றன. தொலைவில் நிற்பவருக்குச் சிண்டுக் குச்சி தெளிவாகவும் அடிக்குச்சி மெலிந்தும் கேட்பதன் அடிப்படை இதுவே. தப்பின் பக்கவாட்டில், வளையத்தின் தளத்திலேயே காதை வைத்தால் தாழ்ந்த ஓசை ஏறக்குறைய மறைந்துபோவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். கலைஞர் அடித்துக்கொண்டே ஆடித் திரும்பும்போது, நிலையாக நிற்கும் ஒலிவாங்கிக்கு ஓசை ஏறி இறங்குவதும் இதனால்தான்.

இதற்கு மேல், தோட்டத் திருவிழாக்களில் இன்றும் கம்பங்களில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளை நினைத்துப் பாருங்கள். பேச்சைத் தொலைவுக்கு எறிவதற்காகச் செய்யப்பட்ட அவை ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் எதையும் ஒலிப்பதில்லை. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பதோ 2,000 ஹெர்ட்ஸ் முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில். வாத்தியம், கருவி, செவி மூன்றும் சிண்டுக் குச்சியின் பக்கமே சாய்ந்திருக்கின்றன. அந்த மூத்த கலைஞர் கேட்ட குறைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி ஒலிவாங்கியை எங்கே வைப்பது? 1.6 மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒலிவாங்கியை 40 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால், தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலியளவின் அலகில் 6 டெசிபல் என்ற கணக்கில், 12 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கிறது. வாத்தியத்தின் விட்டத்தைவிட அருகே போய்விட்டால் இந்த எளிய கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அங்கே வேறொரு நன்மை உண்டு. தோலிலிருந்து ஐந்து, பத்து சென்ரிமீற்றர் தூரத்தில், பின்பக்க அலை சுற்றி வந்து அழிக்குமுன்பே முன்பக்க அலையை ஒலிவாங்கி பிடித்துவிடுகிறது. வெளியில் எவருக்கும் கேட்காமல் அழிந்துகொண்டிருந்த தாழ்ந்த ஓசை முழுவதும் அங்கே இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் கூர்ந்து கேட்கும் ஒலிவாங்கிகள் அருகில் வரும்போது தாழ்ந்த மீடிறன்களை இயல்பாகவே மிகைப்படுத்துகின்றன என்பதும் இங்கே கைகொடுக்கிறது. தோலின் நடுவுக்கு நேரே வைத்தால் ‘தும்’ மிகுந்து ‘சட்’ மங்கும். விளிம்பருகே வைத்தால் மறுதலையாக நிகழும். விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே, குச்சிகள் படாத கீழ்ப்பக்கத்தில் வைப்பதே நான் கண்டவரையில் நியாயமான இடம்.

முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு ஒலிவாங்கி வைப்பவர்களும் உண்டு. பின்புற ஒலிவாங்கி எதிரான அசைவைப் பிடிப்பதால், ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்ஸரில் அதன் நேர், மறை முனைகளை மாற்றும் பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும். அழுத்த மறந்தால், வெளியே காற்றில் நிகழ்ந்த அதே அழிவைக் கம்பிக்குள்ளே நாமே உண்டாக்கியவர்களாவோம்.

நிலையான கம்பத்தில் நிற்கும் ஒலிவாங்கி, ஆடும் கலைஞருக்கு உதவாது. ஷுவர் எஸ்எம்57 போன்ற சுருள் வகை ஒலிவாங்கிகள் 1965 முதல் மேடைகளில் அடிபட்டு உழைத்து வருபவை. நின்று அடிப்பவருக்கு அவை போதும். ஆடுபவருக்கு வளையத்தின் விளிம்பிலேயே கவ்விக்கொள்ளும் சிறிய மின்தேக்கி வகை ஒலிவாங்கியும், இடுப்பில் கம்பியில்லா அனுப்பியும் வேண்டும். அதன் மென்தகடு எடை குறைந்தது என்பதால் சிண்டுக் குச்சியின் கூர்மையை அது நன்றாகப் பிடிக்கிறது. கவ்வும் பகுதி இறப்பரில் அமைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின் அதிர்வு நேரே ஏறிவிடும். மலைமேட்டுக் காற்றுக்குப் பஞ்சு உறையும் அவசியம்.

பீசோ தகடு என்ற மலிவான வழியும் இருக்கிறது. சில பளிங்குகளை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அந்தத் தத்துவத்தில் இயங்கும் பித்தளை வட்டுகள் மின்கடைகளில் சில்லறை விலைக்குக் கிடைக்கின்றன. காற்றின் ஓசையை அது பெரிதும் பொருட்படுத்தாது. ஒட்டியிருக்கும் மரத்தின் அதிர்வையே கேட்கும். ஆனால் அதை நேரே மிக்ஸரில் செருகிப் பார்த்து, ‘தகரம் தட்டுவது போல இருக்கிறது’ என்று தூக்கி எறிந்தவர்கள் பலர். குறை தகட்டில் இல்லை. அதன் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், சுமார் 20 நானோபரட் என்று கொள்வோம். மிக்ஸரின் உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் என்றால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் படிப்படியாக வெட்டிவிடுகின்றன. அடிக்குச்சியின் ஓசை முழுவதும் அங்கேயே போய்விடுகிறது. இடையே 10 இலட்சம் ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள சிறிய முன்பெருக்கி ஒன்றை வைத்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, ‘தும்’ திரும்பி வருகிறது. ஒரு சிறிய பெட்டியும் ஒரு பற்றரியும் செய்யும் இந்த வேலையைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது. தாழ்ந்த ஓசையைத் தகட்டிலிருந்தும் கூர்மையை ஒலிவாங்கியிலிருந்தும் எடுத்துக் கலந்தால் நல்ல பலன் கிடைக்கும்.

மலையகத்துக்கே உரிய இடர் ஈரமும் குளிரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். மிஸ்ட் என்கிற மூடுபனி இறங்கியதும் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. தோலின் மீடிறன் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், இழுவிசை 100இலிருந்து 81ஆகக் குறைந்தால் மீடிறன் 100இலிருந்து 90ஆக இறங்கும். இதனால்தான் மேடைக்குப் பின்னால், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான காய்ந்த மிலாறுகளைக் கூட்டித் தீ மூட்டி, தப்பை முகம் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுகிறார்கள். ஒரு கையால் தோலைத் தடவிச் சூட்டைப் பார்ப்பார்கள். விரலால் ஒரு சுண்டு. போதவில்லை என்றால் மீண்டும் தீ. ஓர் இரவில் இது பல தடவை நடக்கும். தோலில் மெழுகாலோ ஒட்டுநாடாவாலோ தகட்டை ஒட்டியிருந்தால் முதல் தடவையிலேயே அது கழன்று விழும். ஆகவே கருவி எதுவானாலும், ஒரு கையால் கழற்றி ஒரு கையால் மாட்டக்கூடியதாக, மரத்தில் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

ஊளைச் சத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் ஒலிவாங்கியை அடைந்து, ஒரு சுற்று முடிவில் புறப்பட்ட அளவிலோ அதற்கு மேலோ திரும்பி வந்தால், அது தானே தன்னை வளர்த்துக்கொண்டு ஊளையிடுகிறது. பாடகரின் ஒலிவாங்கியில் காற்று மட்டுமே அந்தப் பாதை. தப்பில் தோலும் அந்தச் சுற்றில் சேர்ந்துகொள்கிறது: கலைஞரின் காலடியில் அவருக்காகவே வைத்த ஒலிபெருக்கிப் பெட்டியின் ஓசை தோலை அசைக்கிறது, அசையும் தோல் ஒலிவாங்கிக்குள் பாடுகிறது. எனவே ஊளை தோலின் சொந்த மீடிறனை ஒட்டி, தாழ்ந்த முனகலாகத் தொடங்கும். மீடிறன்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த மீடிறனைக் குறுகலாக வெட்டுவது வழக்கமான வைத்தியம். ஆனால் ஒன்பது மணிக்கு 200 ஹெர்ட்ஸில் வெட்டிய வெட்டு, ஈரத்தில் தளர்ந்த தோல் 180 ஹெர்ட்ஸில் முனகும் பத்தரை மணிக்குப் பயன்படாது. காய்ச்சிய பிறகு மறுபடியும் மாறும். வெட்டைச் சற்று அகலமாகவும் ஆழம் குறைவாகவும் வைப்பதும், கலைஞரின் பெட்டியில் தப்பைச் சேர்க்காமல் பாடகரையும் தாளத்தையும் மட்டும் அனுப்புவதும் மேலான வழிகள். தப்படிப்பவருக்குத் தன் தப்பு எப்படியும் கேட்கும்.

திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், ஊளைக்கு முன் நமக்குக் கிடைக்கும் இடைவெளி 3 டெசிபல் குறைகிறது. நான்கு தப்புகளுக்கு நான்கு ஒலிவாங்கிகள் என்றால் 6 டெசிபல் போயிற்று. தலைமையாக அடிப்பவருக்கு ஒன்று, மற்ற மூவருக்கும் சேர்த்து ஒன்று என்று வைப்பது பல வேளைகளில் போதும்.

அடி இல்லாதபோது ஒலிவாங்கியைத் தானாக மூடும் கேட் என்ற கருவியைத் தாள வாத்தியங்களுக்கெல்லாம் போடுவது ஒலியமைப்பாளர்களின் பழக்கம். தப்புக்கு அதைப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரிய அடிகளுக்கு நடுவே சிண்டுக் குச்சி நிரப்பிச் செல்லும் சின்னஞ்சிறு தட்டுகளை அது சத்தமென்றே மதிக்காமல் விழுங்கிவிடும். அடியின் பேச்சு அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது. பெரிய ஓசையை அடக்கும் கம்பிரஸர் போடுவதானால், அடி விழுந்து 20, 30 மில்லிவிநாடி கழித்தே அது பிடிக்குமாறு வைக்க வேண்டும். உடனே பிடித்தால் அடியின் முனை மழுங்கி, தப்பு தலையணையைத் தட்டுவது போலாகிவிடும்.

ஒலிச் சோதனையைத் தப்பு காய்ச்சிய பிறகே செய்ய வேண்டும். முதலில் அடிக்குச்சியை மட்டும், பிறகு சிண்டுக் குச்சியை மட்டும் அடிக்கச் சொல்லி, நாம் கூட்டத்தின் கடைசி வரிசை நிற்கப்போகும் இடம்வரை நடந்துபோய்க் கேட்க வேண்டும். ‘தும்’ மெலிந்தால், மொத்த ஓசையைக் கூட்டுமுன் ஒலிவாங்கியை இரண்டு விரற்கடை நடுவுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே தோட்டத்தில் அப்படிச் செய்தோம். நான் கோயிலடியிலிருந்து கடைசி லயத்து முற்றம்வரை நடந்தேன், அங்கே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஓர் அம்மா, “என்ன, கூத்து தொடங்கிட்டாங்களா?” என்று கேட்டார். மேடையில் அப்போது அடிக்குச்சி மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது.